அய்யாத்துரை சபையில் எழுந்தது

பம்பாய்த் தாராவியில் அய்யாத்துரையைத் தெரியாதவர்கள் குறைவு. பகலெல்லாம் தோல் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நிற்கிற ஆள்தான். ஆனால் ஊர்ச் சங்கத்தில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. அங்கே ஒரு வழக்கம். சபை நடுவில் நிற்கிற பையன் பதில் சொல்ல முடியாமல் திணறினால், அவன் வீட்டுப் பெரியவர் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, "தப்பு எம்மேல" என்று கும்பிடுவார். அத்தோடு விசாரணை முடிந்தது. அப்புறம் அந்தப் பையனை யாரும் கிளறக் கூடாது.

1966-ல் அவருடைய மகன் பூலோகம் ரசாயனத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டை முடித்தான். பலர் முன்னால் வாய்மொழித் தேர்வு வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்விகூடக் கேட்கலாம் என்று சாப்பிடும்போது சொன்னான். வாங்க என்று சொல்லவில்லை. அது அய்யாத்துரைக்கு உறைக்கவும் இல்லை. பெற்றவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்தா அழைப்பார்கள்?

சலவை வேட்டியோடு மாட்டுங்காவில் மகன் படித்த கல்லூரிக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லாம் இங்கிலீஷ். மகன் கரும்பலகையில் எழுதி எழுதிப் பேசியதில் ஒன்றும் புரியாமலே பூரித்துப் போனார். பிறகு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். பூலோகம் வாயைத் திறந்தான், மூடினான். யோசிக்கட்டும் என்று எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். இது அய்யாத்துரைக்கு எப்படித் தெரியும்? ஊர்ச் சபை நடுவில் பையன் திணறுவதாகவே அவருக்குப் பட்டது.

எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார்.

"தப்பு எம்மேலதான் சாமி. சின்னப் பய, விட்டுருங்க."

முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. தலைமை வகித்தவர் மட்டும் சிரிக்கவில்லை. பெரியவருக்கும் புரியட்டும் என்று இந்தியிலேயே, இவர் யார் என்று பூலோகத்தைக் கேட்டார்.

பூலோகத்தின் முகம் செத்துப் போயிற்று. கரும்பலகையைப் பார்த்தான், கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தான். அப்பாவைப் பார்க்கவில்லை. மகன் மறுபடியும் திணறுவது அய்யாத்துரைக்குப் பொறுக்கவில்லை. யாருமில்லை சாப், இடம் தெரியாமல் வந்துவிட்டேன் என்று தமக்குத் தெரிந்த இந்தியில் அவரே சொல்லிவிட்டு வெளியேறினார்.

வராந்தாவில் நின்றபோது உள்ளே கைதட்டல் கேட்டது. மகன் டாக்டராகிவிட்டான். திரும்பி உள்ளே போகக் கால் வரவில்லை.

வீட்டு வாசலிலேயே மனைவி பேராச்சி பிடித்துக்கொண்டாள்.

"என்னவெல்லாம் கேட்டாவ? நம்ம பய எல்லாத்துக்கும் பதில் சொன்னானா?"

"சொன்னாம்ட்டி. ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் சொல்ல முடியல."

"அவ்வளவு கஷ்டமாவா கேட்டாவ?"

"அவனுக்குக் கஷ்டந்தான்" என்றார் அய்யாத்துரை. அதற்கு மேல் தாங்கவில்லை. சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து அழுதார்.