நாலு மணி நேரத் தூரத்து மாப்பிள்ளை

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது என் அத்தா ஊர்த் தூரத்தை விமான நேரத்தில் அளந்தார். அளந்தவர் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவர், சென்னைக்குப் போவதென்றாலே முதல் நாள் தூங்க மாட்டார்.

மேலப்பாளையத்திலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். துபாயில் வேலை பார்க்கும் பையனின் இடமும் வந்திருந்தது. அத்தா உதட்டைப் பிதுக்கினார்.

“திருநெல்வேலியா? ராத்திரி பூரா பஸ்ல குந்திகினு போவணும். பொண்ணுக்கு ஒண்ணுன்னா எப்பிடி ஓடுறது? துபாய்னா நாலே மணி நேரம்.”

இந்த மேதாவித்தனத்துக்கு வீடே தலையாட்டியது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் புத்தியும் அன்றைக்குப் புல் மேயப் போயிருந்தது. அம்மா மட்டும், “தலைப்பிரசவத்துக்கு நான் பக்கத்துல இருக்கணும்” என்றாள். “இரேன், யாரு வேணான்னது?” என்றார் அத்தா.

கல்யாணம் முடிந்து நான் துபாய் கிளம்பிய அன்று, ஊரப்பாக்கத்தைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரக் காத்திருப்பு. இறங்கிய பிறகு பெட்டிக்கு நின்று, வண்டிக்கு நின்று வீடு சேர்ந்தபோது மொத்தம் பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. போன் செய்து சொன்னேன். “பறந்தது நாலு தானே?” என்றார். பறக்காத நேரமெல்லாம் அவருக்கு நேரமே இல்லை. மாமல்லபுரத்தில் இருக்கும் தன் தங்கையை அவர் எட்டிப்பார்த்து இரண்டு வருஷமாகிறது. அங்கே விமானம் போவதில்லை, பாவம்.

நான் உண்டானதும், ஆறாம் மாதத்திலேயே ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

“இன்னா அவசரம்? கூப்புடு தூரத்துல கீற. மாப்பிள்ள தனியா கஷ்டப்படுவாரு. ஒம்போதாவது மாசம் வா, போதும்.”

அம்மாவுக்கு ஒரு பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள் என்றேன். “நீதான் வரப்போறியே, அவளுக்கு எதுக்கு?” என்று அதையும் தள்ளிவிட்டார்.

ஒன்பதாம் மாதம் கிளம்பினேன். துபாய் விமான நிலையம் வரைக்கும்தான் போக முடிந்தது. கவுன்டரில் இருந்த பெண், என் டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, முப்பத்தாறு வாரம் தாண்டியவர்களை ஏற்றுவதில்லை என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அங்கிருந்தே அத்தாவை அழைத்தேன்.

“நாலு மணி நேரம் தானம்மா? பல்லக் கடிச்சிகினு குந்திக்கிறேன்னு சொல்லிப் பாரேன்.”

வயிற்றுப் பிள்ளை கடிகாரம் பார்த்தா பிறக்கும்? ஆத்திரத்தில் போனைக் கணவர் கையில் திணித்துவிட்டு, பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

பத்தாம் நாள் வலி கண்டது. அம்மா போனில் இருந்தாள். “இடுப்பப் புடிச்சி வுட யாராச்சும் கீறாங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். யாரும் இல்லை. இருக்கிறார்கள் என்று சொன்னேன்.

பாஸ்போர்ட்டும் விசாவும் கூடி வந்து அவர்கள் இருவரும் விமானம் ஏறியபோது பிள்ளைக்கு எட்டு மாதம். “சாப்ட்டு முடிக்கறதுக்குள்ள எறங்கிட்டோம்!” என்று அத்தா வாசலிலேயே பெருமையடிக்க ஆரம்பித்தார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையை வாங்க இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை வீறிட்டு அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

“அழாதடா, போய்டறேன்” என்று அம்மா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். “வேத்து முகம் இல்லியா, அதான் பயப்படுது.”