ம் விழாத வாக்கியம்

பங்குனி பிறந்தால் கரிசல் வாய் பிளக்கும். வெடிப்புக்குள் ஒரு கல்லைப் போட்டுக் காது வைத்தால், விழுந்த சத்தம் வராது. உள்ளே யாரோ கையில் பிடித்துக்கொண்டது மாதிரி இருக்கும். அந்த வெடிப்புகளைப் பற்றித்தான், வெளியூரிலிருந்து வரும் மூன்று பேர் முன்னால் நின்று, நான் பேச வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தற்காலிக வேலை. விளாத்திகுளம் பக்கத்துக் கண்மாய் ஒன்றைத் தூர்வார நிதி கேட்கும் கூட்டம். "நிதி கிடைச்சா உங்க வேலை நிரந்தரம். கிடைக்கலைன்னா என்னைக் குறை சொல்லக்கூடாது" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

அலுவலகத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் பஞ்சுப் பொதி அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி. ஜன்னல் இல்லாத இருட்டு, எழுத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் ஓ.எச்.பி. விளக்கைப் போட வசதி என்று கூட்டத்தை அங்கேயே வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் அங்கே போய் ஒத்திகை பார்ப்பேன். கண்ணாடித் தாளில் நீல மையால் எழுதியதை விளக்கின் மேல் வைத்ததும், என் கையெழுத்து ஆள் உயரத்துக்குச் சுவரில் எழுந்து நிற்கும். தலைக்கு மேலே தகரம் வெயிலில் சொடக்குப் போடும். தரையெல்லாம் பஞ்சுத் தூசி. நடந்தால் என் காலடியே எனக்குக் கேட்காது.

எங்கள் பக்கம் ஒருவர் கதை சொன்னால் எதிரே ஒருவர் ம் கொட்ட வேண்டும். ம் நின்றால் கதையும் நின்றுபோகும். வெறும் நாற்காலிகளிடம் பேச எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு நாள் திக்கித் திணறினேன். மூன்றாம் நாள், "இந்தக் கண்மாய் நிறைந்து பல வருடங்கள் ஆகின்றன" என்று சொல்லி மூச்சு வாங்கிய இடத்தில், கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து வந்தது.

ம்.

கண்ணில் விளக்கு கூசியது. அதற்கு அப்பால் கறுப்பு. அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். ம். பயந்தேன், ஆனால் பயத்துக்கு முன்னால் நிம்மதி வந்துவிட்டது. பேச்சு தண்ணீர் மாதிரி ஓடியது.

வெளியே வந்தபோது வாட்ச்மேன் பீடியை அணைத்தார். "யாருகிட்ட தாயி பேசுதீங்க, அம்புட்டு நேரமா?"

"சுவத்துக்கிட்ட அண்ணாச்சி."

"சுவரு என்ன சொல்லுது? மாப்பிள்ளை பார்த்துத் தாரேங்குதா?"

"ம்முங்குது. புறாவா இருக்கும்."

அவர் சிரிப்பு நின்றது. "புறா ஏது? போன மாசம்தான மருந்து வச்சு அம்புட்டையும் சாக்குல அள்ளினேன். உச்சிப் பொழுதுல தனியாப் போகாதீங்க."

போனேன். போகாமல் முடியவில்லை. நாலைந்து நாளில் ஒன்று பிடிபட்டது: எல்லா வாக்கியத்துக்கும் ம் விழவில்லை. "கிராமக் கூட்டத்துக்கு ஊரே திரண்டு வந்தது" என்றேன், சத்தமில்லை. "பாதி ஊர் வந்தது" என்று மாற்றினேன். ம். "பெண்கள் மகிழ்ச்சியோடு முன்வந்தனர்." சத்தமில்லை. அடித்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் பேச்சு மெலிந்தது, நிமிர்ந்தது.

ம் விழாமல் மிஞ்சியது ஒரே வாக்கியம். "ஊர் மக்கள் அனைவரும் ஒப்புக்கொண்டனர்." எத்தனை தடவை, எத்தனை விதமாகச் சொல்லியும் அந்த இருட்டு வாயைத் திறக்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும். கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிற நாலு குடும்பம் இருந்தது. தோண்டும் மண்ணை அவர்கள் ஆடு அடைக்கிற இடத்தில்தான் கொட்டுவதாகத் திட்டம். அவர்களை யாரும் கேட்கவில்லை.

செயலாளரிடம் சொன்னேன். "அவிய பாதி வருசம் ஆட்டோட அலையுறவிய, ஊர்க் கணக்குலயே வரமாட்டாங்க" என்றார். "அந்த ஒரு வரி இல்லாம நிதி வராது. எழுதினதை எழுதினபடி பேசுங்க."

கூட்டத்தன்று மூன்று விருந்தினர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். நான் நன்றாகத்தான் பேசினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ம் வந்தது. அவர்களுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த வாக்கியம் சுவரில் ஏறியது. வாசித்தேன். நின்றேன். விளக்குப் பெட்டியின் காற்றாடி மட்டும் இரைந்தது. வந்தவர்களில் ஒரு அம்மா கேட்டார், "ஏன் நிறுத்திட்டீங்க?"

"இன்னும் ஒருத்தர் ஒத்துக்கலை." என் வாய்தான் சொன்னது.

"யாரு?"

மூன்று பேரும் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். காலி நாற்காலிகள். செயலாளர் என்னைப் பார்த்தார். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? கரையிலிருந்த நாலு குடும்பத்தையும் சொன்னேன்.

"அவங்களையும் கேட்டுட்டுச் சொல்லுங்க. அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று அந்த அம்மா நோட்டை மூடினார்.

கார் கிளம்பும்வரை செயலாளர் கையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மாசக் கடைசியோட நின்னுக்கிடுங்க" என்றார்.

கடைசி நாளன்று என் மேசையில் ஒரு புதுப் பெண் இருந்தாள். கல்லூரி முடித்த கையோடு வந்தவள். என் தாள்களைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த கூட்டத்தில் பேசப்போவது அவள்தான். கரைக்கு இன்னும் யாரும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"அக்கா, 'அனைவரும் ஒப்புக்கொண்டனர்'னு சார் போடச் சொன்னாங்க. சரியா இருக்கா, பாருங்க." தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவள் வீட்டிலும் வேறு சம்பளம் இருந்திருக்காது.

"எழுத்து நல்லா இருக்கு" என்றேன்.