கல்தொட்டிக்கு வரலாறு எழுதப் போனவர்

அந்தக் கோயிலின் ஞானஸ்நானத் தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கோயில்பிள்ளையிடம் மாட்டிக்கொள்ள வேண்டும். கூட்டுவது, மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, குழி வெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் அவர் வேலைதான். ஆனாலும் மனுஷனுக்கு உயிர் அந்தத் தொட்டியில்தான். "ஒரே கல்லுங்க, ஒட்டுக்கிட்டு ஒண்ணும் கிடையாது" என்று ஆரம்பித்தாரானால் நிறுத்த ஆள் பிறந்து வரவேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, கதை நல்ல கதைதான். எட்டுப் பட்டை, இடுப்பளவு உயரம், ஓரத்தில் ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி மரமூடி கச்சிதமாக உட்கார வழி. செய்த கல்தச்சன் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது. பழைய கோயில் இடிந்து விழுந்தபோது யாரோ தூக்கிக்கொண்டு போய், முப்பது வருஷம் ஒரு தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார்கள். விளிம்பில் இருக்கும் மூளி அப்போது விழுந்தது. இதையெல்லாம் பழைய பதிவேடுகளைக் கிண்டியும் கிழவர்களை நச்சரித்தும் கண்டுபிடித்தவர் கோயில்பிள்ளையேதான். தீர்த்தத்தை ஆளாளுக்கு மொண்டுகொண்டு போகிறார்கள் என்று ஒரு சாமியார் மூடிக்குப் பூட்டுப் போட்டார். அந்தச் சாவியை நம் ஆள் இடுப்பில் கட்டிக்கொண்டார். அன்றைக்கு ஊர் வைத்த பேர் 'சாவி'. தெருவில் அவர் தலை தெரிந்தால், "சாவி வருது, வாயைப் பூட்டிக்குங்கடா" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

இப்போது அவருக்கு எழுபத்திரண்டு. போன மாதம் புதிதாக வந்த சாமியார் அவரைக் கூப்பிட்டு, "ஐயா, வாயால சொல்றதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக் குடுங்க. அச்சடிச்சுத் தொட்டி பக்கத்துல மாட்டலாம். உங்களுக்கப்புறம் இதையெல்லாம் யார் சொல்லுவா?" என்றார். கோயில்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கல்தச்சன் முடிந்தது, மாட்டுத்தொழுவம் முடிந்தது, பூட்டும் முடிந்தது. அதற்கடுத்த பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.

வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்ன கதையில் ஒரு நாளை மட்டும் அவர் சொன்னதே இல்லை. வாயால் சொல்லாமல் தாண்டிவிடலாம். அதை விட்டுவிட்டு எழுதி மாட்டினால் பொய்யாகிவிடாதா? அந்த நாள் அவருக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. பாதி அவர் தங்கச்சியுடையது. இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. முப்பத்தொரு வருஷமாக அண்ணனும் தங்கச்சியும் "சாப்பிட்டியா", "மழை வரும்போல இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் ஒரு தடவையாவது தன்னை வாய்விட்டுத் திட்டிவிட மாட்டாளா, அதற்குப் பிறகாவது மன்னித்துவிட மாட்டாளா என்று ஏங்கி ஏங்கியே அவர் கிழவராகிவிட்டார்.

நடந்தது இதுதான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கச்சிக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. குழந்தை நோஞ்சான். "நாலாம் நாளே ஞானஸ்நானம் குடுத்துடுங்க" என்று மருத்துவச்சி சொன்னாள். தாய்மாமன் கேட்டால்தானே! "என் மருமவனுக்கு அவசர அவசரமாவா? வர்ற ஞாயித்துக்கிழமை ஊரே பார்க்க, கல்தொட்டியில வச்சு ஊத்தணும்" என்று நின்றார். அதற்காகத் தொட்டியைத் தேய் தேய் என்று தேய்த்தார். மூடியையும் சோப்புப் போட்டுக் கழுவினார். திங்கட்கிழமை சாயங்காலம் சாமியார் புதுத்தண்ணீரை மந்திரித்ததும், யாராவது கைவைத்துவிடப் போகிறார்களே என்று மூடியை ஈரத்தோடு அழுத்தி மூடிப் பூட்டினார். காய்ந்த பிறகு மூடினால் குடியா முழுகிப்போகும்? அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

புதன்கிழமை உச்சிவெயில். கோயிலில் தரை துடைக்கக் கிணற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார். துணி இன்னும் அதில் நனையவில்லை. தங்கச்சி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். புருஷன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார், பஸ் கோயில் வாசலில்தான் நிற்கும், வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது.

"அண்ணே, சாமி எங்க?"

"பக்கத்து ஊர்ல அடக்கத்துக்குப் போயிருக்காரு."

"அப்ப நீயே ஊத்துண்ணே. ஆபத்துக்கு யாரும் ஊத்தலாம்னு நீதானே மருத்துவச்சிக்குச் சொல்லிக் குடுத்த?"

உண்மைதான். சொல்ல வேண்டிய வார்த்தைகளை அந்த மருத்துவச்சிக்கு உருப்போட வைத்ததே அவர்தான். இடுப்புச் சாவியை எடுத்தார், பூட்டு திறந்தது. மூடியைத் தூக்கினார், அசையவில்லை. ஈரத்தில் மரம் ஊறிப் பருத்து, கல்லின் பள்ளத்தில் கெட்டியாகக் கவ்விக்கொண்டிருந்தது. கடப்பாரையைக் கொண்டுவந்தார். ஓங்கி ஒரு போடு போட்டிருந்தால் மூடி இரண்டாகப் பிளந்திருக்கும். பாவி மனுஷன், போடவில்லை. கல் மூளியாகிவிடுமே என்று நுனியைத் துணியால் சுற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல நெம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த வாளித் தண்ணிய எடேன்."

"அது தரை துடைக்கிற தண்ணிம்மா! நம்ம பிள்ளைக்கு அதையா ஊத்துறது? கொஞ்சம் பொறு, இதோ வந்துடுச்சு."

அவர் முதுகைக் காட்டி நெம்பிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் மூடி படக்கென்று வந்தது. இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு திரும்பினார். தங்கச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு மூச்சில்லை. வாசலில் பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

சாயங்காலம் வந்த சாமியார் கடுகடுப்பான ஆள். "ஞானஸ்நானம் ஆச்சா?" என்று மட்டும் கேட்டார். தங்கச்சி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன்தான் பதில் சொன்னார்: "இல்ல சாமி." அதோடு தீர்ந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி, ஞானஸ்நானம் ஆகாத குழந்தைக்குக் கல்லறைச் சுவருக்குள் இடமில்லை. சுவருக்கு வெளியே வண்டிப்பாதையோரமாக, சிலுவைகூட இல்லாமல், தாய்மாமன் தன் கையாலேயே குழி வெட்டினார். அதன்பிறகு சாமியார் அவரைத் தனியே உள்ளறைக்குக் கூப்பிட்டு, "அறிவு கெட்டவனே, கிணத்துத் தண்ணி போதாதா? எந்தத் தண்ணியா இருந்தா என்ன?" என்று கிழித்தார். தெரியாத விஷயமா? தெரிந்தேதானே செய்தார். வீட்டில் யாருக்கும் அதை அவர் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

தங்கச்சிக்கு அப்புறம் பிள்ளையே பிறக்கவில்லை. புருஷனும் போய்ச்சேர்ந்தான். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவாள், தொட்டி இருக்கும் பக்கம் வராமல் பக்கவாசல் வழியாக வந்து போவாள். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் அவர் அந்த மூடியைத் திறந்து கொடுத்தார். வேலையை விட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தார். விட்டால் பிழைப்புக்கு என்ன செய்வது? அதைவிட, தொட்டியை விட்டு இருக்கவும் அவரால் முடியவில்லை. அதை நினைத்தால் அவருக்கே தன்மேல் வெறுப்பாக வரும்.

ஆக, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனார். அவள் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயசு மனுஷன், வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"தொட்டியப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. அந்தப் புதன்கிழமையையும் எழுதணும்னு இருக்கேன். என்னாலதான் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமப் போச்சுன்னு. நீ வேணாம்னா விட்டுடறேன்."

அவள் கை நின்றது.

"என்னத் திட்டவாவது செய்யேம்மா," என்றார் அவர்.

"உன்னத் திட்டி என்னாகப் போகுது? தப்பு பண்ணினவ நானு," என்றாள் அவள். "உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேண்ணே. அன்னிக்கு நீ அந்தப் பக்கம் திரும்பி நெம்பிக்கிட்டிருந்த. பிள்ளைக்குக் கண்ணு சொருகிடுச்சு. நான் வாளியில கையவிட்டு மூணு தடவை அள்ளி ஊத்திட்டேன். நீ மருத்துவச்சிக்குச் சொன்ன அதே வார்த்தையச் சொன்னேன். பேரும் வச்சேன். அதுக்கப்புறமும் பிள்ளைக்கு உயிர் இருந்துச்சு, கொஞ்ச நேரம்."

கோயில்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பின்ன ஏன் சொல்லல? சாமி கேட்டப்ப அங்கதானே நின்ன?"

"எப்படிச் சொல்றது? அது தரை துடைக்கிற தண்ணின்னு நீ சொன்னியே. கோயில் விஷயம் உனக்குத் தெரியாததா? சாமி கேட்டதுக்கும் நீயே இல்லன்னுட்ட. சரி, செல்லாதுபோல, அழுக்குத் தண்ணிய ஊத்தி நான் பாவம் வேற பண்ணிட்டேன்போலன்னு வாயை மூடிக்கிட்டேன். அதான் நீயும் என் முகத்தப் பார்த்துப் பேச மாட்டேங்குறன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அவர் படியிலேயே உட்கார்ந்தார். கோயில் சட்டமெல்லாம் தெரிந்த மனுஷனுக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவ்வளவு நேரம் பிடித்தது.

"செல்லும்மா. எந்தத் தண்ணியா இருந்தாலும் செல்லும். எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவள் அழவில்லை. களைந்த அரிசியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"அப்ப எதுக்குண்ணே என் பிள்ளைய வெளியில போட்டோம்?"