சரோஜா அக்காவின் நெற்றிக் காசு

தப்பாக அச்சான காசுகளைச் சேர்ப்பது என் கிறுக்கு. திகாம் பத்து ஊரில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருந்த சரோஜா அக்கா, கல்லாச் சில்லறையை என் முன்னால் கொட்டி, “உன் கோணக் காசு இருக்கா பாரு லா தம்பி” என்பார்.

போன மாதம் அவர் தவறிவிட்டார். கடைசியாக முகம் பார்க்கப் பெட்டியருகே போனேன். நெற்றியில் சந்தனம் வைத்து ஐம்பது சென் காசு ஒட்டியிருந்தார்கள். அதில் அச்சாகியிருந்த செம்பருத்திப் பூ ஒரு பக்கமாக நகர்ந்து, மறு ஓரம் பிறைபோல வெறுமையாக இருந்தது. இத்தனை வருடம் தேடியும் கிடைக்காத காசு! நல்ல விலைக்குப் போகும். குனிந்தேன். சந்தனம் மறைத்ததையும் பார்க்க இன்னும் குனிந்தேன். பின்னால் வரிசை காத்து நின்றது. மாற்றி வைக்க வேறொரு ஐம்பது சென் இருக்கிறதா என்று என் கை பாக்கெட்டைத் துழாவிக்கொண்டிருந்தது.

அக்காவின் மகள் என் தோளைத் தொட்டாள். அழுதழுது குரல் கட்டியிருந்தது.

“எல்லாரும் எட்டிப் பார்த்துட்டுப் போறாங்கண்ணே. எங்கம்மா முகத்த இவ்வளவு நேரம் பார்த்தது நீங்க மட்டும்தான்.”

கையை வெளியே எடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

அந்தக் காசை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். அக்காவின் முகம் அன்று எப்படி இருந்தது என்று கேட்டால், எனக்குத் தெரியாது.