எடிசனில் ஒரு ஃபர்ஸ்ட் குரூப்

காலேஜில் என் முதல் செமஸ்டர் பாடங்களைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. அப்பாவும் எங்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த டெலிஃபோனும். தொண்ணூறுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் நான் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் ஃபோனிலேயே பாடங்களுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் உண்டு. அதை அழுத்தினால் இடம் இருக்கிறது, இல்லை என்று ஒரு பெண்ணின் குரல் சொல்லும். அந்தக் குரலுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம், அப்பா உட்பட.

நான் ஈரோட்டில் ஏழாம் வகுப்பு முடித்துவிட்டு நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊருக்கு வந்தவள். டாக்டர் ஆக வேண்டும் என்பது அப்பா என் தலையில் கட்டிய ஆசை என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அது உண்மையில்லை. ஹைஸ்கூல் கோடை விடுமுறையில் பக்கத்து ஆஸ்பத்திரியில் வாலன்டியராக சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த ஒருவரைக் கூட்டி வந்தார்கள். மகன் காரை நிறுத்தப் போயிருந்தான். நர்ஸ் கேட்பது அவருக்குப் புரியவில்லை. பயத்தில் யாரையும் தொட விடாமல் கையை இறுக்கி வைத்திருந்தார். நான் குனிந்து, "எங்கங்க வலிக்குது?" என்றேன். அந்த முகம் மாறியதைப் பார்த்தேனே, அன்றைக்கு முடிவு செய்தது. இது நான் ஆசைப்பட்டது, எனக்கே எனக்கானது.

காலேஜ் திறப்பதற்கு முன், மருத்துவம், பார்மசி, நர்ஸிங் என்று போக நினைக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் ஓர் ஆலோசகரைப் பார்க்க நேரம் கொடுத்தார்கள். எனக்கு வாய்த்தவர் நரைத்த தலையும் தொளதொள ஸ்வெட்டருமாக ஓர் அம்மாள். முதல் செமஸ்டருக்கு லேப் உள்ள சயின்ஸ் ஒன்று போதும், கெமிஸ்ட்ரியில் ஆரம்பி என்றார். கணக்கில், மட்டம் பார்க்க வைக்கும் டெஸ்ட் உன்னை எங்கே நிறுத்துகிறதோ அங்கிருந்து தொடங்கு. ஃபிசிக்ஸை மூன்றாம் வருஷத்துக்குத் தள்ளு. நீ எதை எந்த வரிசையில் படித்தாய் என்று பின்னால் யாரும் கேட்கப்போவதில்லை, எப்படிப் படித்தாய் என்றுதான் பார்ப்பார்கள் என்றார். எனக்கு மூச்சு சீராக வந்தது. அப்பா வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தார்.

காரில் ஏறியதும் கேட்டார்.

"என்ன கண்ணு சொன்னாங்க?"

"கெமிஸ்ட்ரியும் ப்ரீ-கால்குலஸும் போதுமாம்ப்பா. ஃபிசிக்ஸுக்கு அவசரமே இல்லையாம்."

"ப்ரீ-கேஜி தெரியும். இதென்ன ப்ரீ-கால்குலஸ்?"

"கால்குலஸுக்கு முந்தின கிளாஸுப்பா. டெஸ்ட்ல என்னைய அங்கதான் போட்டிருக்காங்க."

"அவங்களுக்கு நம்ம பசங்களப் பத்தி என்ன தெரியும்? நம்மாள முடியாதுன்னு அவங்களா முடிவு பண்ணிக்கறாங்க. ஊர்ல உன்ற பெரியப்பா பையன் ஃபர்ஸ்ட் குரூப்பு. மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, நாலையும் ஒண்ணாத்தான படிச்சான்? அதுவும் பதினாறு வயசுல!"

இதுதான் அப்பாவின் ஃபர்ஸ்ட் குரூப். ஊரில் பிளஸ் டூவில் அந்த நான்கு பாடங்களையும் ஒரே மூச்சில் படித்து, மார்க் வந்த கையோடு மெடிக்கல் சீட்டுக்கு ஓடுவார்கள். இங்கே நான்கு வருஷக் காலேஜ் முடித்த பிறகுதான் மெடிக்கல் காலேஜ். இது அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் புத்தி ஒத்துக்கொள்ளவில்லை. நான்கில் ஒன்று குறைந்தாலும் செகண்ட் குரூப்புக்குத் தள்ளப்பட்டவள் போல என்னைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து ஒரு மாலை சமையலறையில் நின்றபடி எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். "அவளால முடிஞ்சத எடுக்கட்டுமேங்க," என்று அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் இரு, லைன்ல இருக்கேன்ல," என்றார். கால்குலஸுக்கும் இடம் இருந்தது, அதற்குள் கணக்குத் துறையில் யாரையோ பார்த்துப் பேசி அனுமதி வாங்கிவிட்டிருந்தார். நான்குக்கும் இடம் கிடைத்ததில் அப்பாவுக்கு அப்படியொரு சந்தோஷம். நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் இனிப்பு வாங்கி வந்தார்.

மூன்று சயின்ஸுக்கும் தனித்தனி லேப். கெமிஸ்ட்ரி லேபிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடி அழுத்திய தடம் மூக்கில் இருக்க ஓடிப்போய் ஃபிசிக்ஸ் லேபில் நிற்பேன். கால்குலஸ் நவம்பரில் சொல்லித்தரப் போகிற சங்கதியை ஃபிசிக்ஸ் செப்டம்பரிலேயே கேட்டது. தெரியாததைப் புரிந்துகொள்ள, தெரியாத இன்னொன்றைத் தேடினேன். வார இறுதியில் ஹாஸ்டலிலிருந்து துணிமூட்டையோடு வீட்டுக்கு வந்தால் அப்பா டைனிங் டேபிளில் வெள்ளைத்தாளோடு தயாராக உட்கார்ந்திருப்பார். நன்றாகத்தான் சொல்லிக்கொடுப்பார். அவர் சொல்லும்போது புரியும், திங்கட்கிழமை போய்விடும். முதல் கெமிஸ்ட்ரி பரீட்சையில் நாற்பது சொச்சம் வாங்கினேன். அப்பா பேப்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்பதுக்கா?" என்றார். இல்லை, நூற்றுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே நம்பித்தான் கேட்டார்.

ஒன்றிரண்டு பாடங்களை நடுவிலேயே விட்டுவிட ஒரு கெடு இருந்தது. மார்க் பட்டியலில் விலகியதாக ஒரு 'டபிள்யூ' விழும், அவ்வளவுதான். அம்மா, "விட்டுடு சாமி," என்றாள். அப்பாவுக்கோ பாதியில் விடுவது பரீட்சை ஹாலை விட்டு எழுந்து ஓடுவதற்குச் சமம். "கடைசி பரீட்சைல ஏத்திடலாம்," என்றார். கெடு போயிற்று. டிசம்பரில் பயாலஜியில் மட்டும் தலை நிமிர்ந்தேன். கெமிஸ்ட்ரியும் ஃபிசிக்ஸும் சி கிரேடு, கால்குலஸ் டி. அப்பா நீண்ட நேரம் அதைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜனவரியில் ஆலோசகர் அம்மாள், இதைச் சரி செய்யலாம், ஆனால் நிதானமாக, கூடுதலாக ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு, என்றார். அதற்குள் டாக்டர் படிப்பு வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அந்தக் காலத்தில் எடிசனில் எந்தக் கதவைத் தட்டினாலும் கம்ப்யூட்டர்க்காரர்தான் திறப்பார். அதே ஃபோன், அதே குரல். இந்த முறை கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இடம் இருந்தது. படித்தேன், வேலையும் கிடைத்தது, நல்ல வேலைதான். அந்த ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் போக வேண்டி வந்தால் மட்டும் வேறு வழியாகச் சுற்றிப் போவேன்.

நான் வேலைக்குப் போய் ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டெக்சஸில் காப்பெல் என்ற ஊரிலிருந்து அப்பாவின் பழைய நண்பர் கூப்பிட்டார். மகள் மெடிக்கல் காலேஜுக்கு முந்தின ப்ரீ-மெட் சேரப்போகிறாள், நான்கு பாடங்களையும் முதல் செமஸ்டரிலேயே எடுக்கச் சொல்லியிருக்கிறேன், சரிதானே என்று கேட்டார். சத்தமாகப் பேசுகிற மனிதர், சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அப்பா, "வேண்டாங்க," என்றார். "லேப் ஒண்ணு போதும். டெஸ்ட்ல கணக்கு எங்க போடறாங்களோ அங்கயே இருக்கட்டும். கௌரவம் பாக்காதீங்க."

அவர் ஏதோ மறுத்தார். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"என்ற பொண்ணு அன்னைக்கே விசாரிச்சுட்டு வந்து சொன்னாளுங்க. நான்தான் கேக்கல. அவ நல்லாப் படிக்கறவ. நான்தான் கெடுத்துட்டேன்."

இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை. ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருக்கிறவரிடம் சொன்னார். பிறகு, "பாப்பா இங்கதான் இருக்கறா, உங்க பொண்ணுகிட்டப் பேசச் சொல்றேன்," என்று என் முகத்தைப் பார்க்காமல் ரிசீவரை நீட்டினார்.

அந்தப் பெண்ணிடம் ஆலோசகர் அம்மாள் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தை மறந்திருக்கவில்லை. அவள் எழுதிக்கொண்டாள்.

"தேங்க்ஸ் அக்கா. ஸோ, ஆர் யூ இன் மெட் ஸ்கூல் நௌ?"

"நோ. ஐ டூ கம்ப்யூட்டர்ஸ்."

அப்பா மேஜையிலிருந்த என் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் அவர் டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை. கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினார். எனக்கு வந்தது கோபமா வருத்தமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பக்கம் அவள் இன்னும் காத்திருந்தாள். ஃபிசிக்ஸை மூன்றாம் வருஷத்துக்குத் தள்ளு, மறந்துவிடாதே என்று இன்னொரு முறை சொன்னேன்.