ரெஜினா ஒதுக்கி வைத்த பாட்டில்

1. மூக்கு வேலை

ஒயின் ஊற்றிக் கொடுக்கும் வேலையில் பதினோரு வருடம் ஓட்டிவிட்டேன். ஆக்லாந்தின் மேற்குப் பக்கம், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு டேஸ்டிங் ரூம். வருகிறவர்கள் ஐந்தாறு ஒயினை ஆளுக்கு ஒரு மடக்கு ருசி பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் விழுங்காமல் கவுன்ட்டரில் இருக்கும் வாளியில் துப்பிவிடுவார்கள். அந்த வாளியைக் கழுவுவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. மவுண்ட் ரோஸ்கில்லில் என்னோடு அறையில் இருந்தவர்களிடம் "ஹாஸ்பிடாலிட்டில இருக்கேன்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

இந்த வேலைக்கு நாக்கைவிட மூக்குதான் முக்கியம். நியூசிலாந்தில் பெரும்பாலும் திருகு மூடி பாட்டில்தான். எங்கள் முதலாளி கிரகாம் மட்டும் தன் ரிசர்வ் ரெட்டுக்கு, அதாவது தோட்டத்தின் உயர்ந்த ரகச் சிவப்பு ஒயினுக்கு, கார்க் போடுவார். அதுதான் கௌரவம் என்பது அவர் நினைப்பு. பத்துப் பெட்டியில் ஒரு பாட்டிலாவது கார்க்கால் கெட்டுப்போயிருக்கும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், அவ்வளவுதான். அதனால் திறக்கிறவர் ஊற்றுவதற்கு முன் மோந்து பார்க்க வேண்டும். யார் திறந்தது என்று தெரிய, திறந்த உடனே பாட்டிலில் தேதியும் தன் பெயரின் முதலெழுத்தும் எழுத வேண்டும்.

2. அந்தச் சனிக்கிழமை

ரெஜினா மன்னார்க்காரி. என்னோடு கவுன்ட்டரில் நின்றவள். நான் நிரந்தரம், அவள் கேஷுவல். வாராவாரம் ரோஸ்டரில் பெயர் வந்தால்தான் அவளுக்கு வேலை. அவள் மூக்கு என் மூக்கைவிடக் கூர்மை. இதை இப்போது எழுதுகிறேன், அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

அன்று ஒரு பெரிய ரெஸ்டாரண்டுக்கு ஒயின் வாங்குகிற அம்மாள் வந்திருந்தார். ரெஜினா ரிசர்வ் ஒன்றைத் திறந்தாள், 'R' என்று எழுதினாள், மோந்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணா, இதை ஊத்திப் போடாதேங்கோ. கார்க் பழுதாக்கிப்போட்டுது. நான் போய் வேற ஒண்டு எடுத்துக்கொண்டு வாறன்."

பாட்டிலை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நானும் மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, அட்டைப்பெட்டிதான்.

அதற்குள் கிரகாம் என்னைப் பார்த்துக் கையசைத்தார். "குமார், ரிசர்வ் கொண்டு வா."

விஷயத்தைச் சொல்லலாம் என்றுதான் அந்தப் பாட்டிலோடு போனேன். அவர் தன் அப்பா நட்ட கொடிகளைப் பற்றி அந்த அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தார். முதலாளி பேசும்போது குறுக்கே பேசக்கூடாது, அதிலும் விருந்தாளி முன்னால் அவர் சரக்கு கெட்டது என்று சொல்லவே கூடாது. நான் வளர்ந்த விதம் அப்படி. இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரப் பையனாக இருந்தால் "சாரி, இது கெட்டுப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே வாளியில் கொட்டியிருப்பான். நான் பேச்சு முடியட்டும் என்று பாட்டிலும் கையுமாக நின்றேன். கிரகாம் பேச்சை நிறுத்தாமலே விரலால் கிளாஸைக் காட்டினார்.

ஊற்றிவிட்டேன்.

அந்த அம்மாள் மூக்கருகே கொண்டு போனார். வாயில்கூட வைக்கவில்லை, அப்படியே வாளியில் கவிழ்த்தார். "இதை யாருமே மோந்து பார்க்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

கிரகாமின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. "இதைத் திறந்தது யாரு?"

அப்போது இந்த நாட்டிலேயே தங்கிவிட நான் போட வேண்டிய ரெசிடென்ஸ் விண்ணப்பத்துக்கு ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. என் வேலையை உறுதி செய்து கிரகாம் தர வேண்டிய லெட்டர். அது இல்லாவிட்டால் விசா முடிந்ததும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பாட்டிலில் இருந்த எழுத்தைப் பார்த்தேன்.

"ரெஜினா" என்றேன்.

அது பொய் இல்லை. அவள் ஒதுக்கி வைத்ததையும் நான் எடுத்து வந்ததையும் விழுங்கிவிட்டேன். நல்ல பாட்டிலோடு அவள் வந்தபோது அந்த அம்மாள் காரை எடுத்துவிட்டார். அடுத்த வார ரோஸ்டரில் அவள் பெயர் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

அவள் போன் செய்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "நான் ஒதுக்கி வச்சனான் எண்டு அவரிட்ட சொன்னனீங்களோ?"

"சொல்றேன் ரெஜினா, அவர் கொஞ்சம் ஆறட்டும்."

"ஓம்" என்று வைத்துவிட்டாள். அவர் இரண்டே நாளில் ஆறிவிட்டார். நான்தான் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

3. லெட்டர்

ரெசிடென்ஸ் வந்து பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு வீரம் வந்தது. கிரகாமின் அறைக்குப் போய் நடந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்ப்பா, அந்த லெட்டர்ல நான் அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாளே கையெழுத்து போட்டுட்டேன். வெள்ளிக்கிழமையே ஆபீஸ்லேர்ந்து மெயில் போயிருச்சு. நீ பார்க்கலையா?"

பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை பரபரப்பில் மெயிலைத் திறக்கவே இல்லை, பிறகு திறந்தபோது தேதியைக் கவனிக்கவில்லை.

ஆக்லாந்தின் கிழக்குக் கோடியில், பாட்டனி டவுன்ஸில் ஒரு பெரிய கடையின் செக்அவுட்டில் ரெஜினா இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும், எல்லாவற்றையும் சொன்னேன், லெட்டர் விஷயம் உட்பட. அவள் என் சாமான்களை ஸ்கேன் செய்துகொண்டே கேட்டாள்.

"லெட்டர் வந்ததை நீங்கள் அண்டைக்கே பாத்திருந்தால், உண்மையைச் சொல்லியிருப்பியளோ அண்ணா?"

நான் பர்ஸைத் துழாவினேன். பின்னால் நின்றவர் தன் சாமான்களை பெல்ட்டில் வைக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அந்த டேஸ்டிங் ரூமுக்கு நான்தான் மேனேஜர். புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வேன்: கெட்ட பாட்டில் என்று தெரிந்தால், யார் பேசிக்கொண்டிருந்தாலும் குறுக்கே வந்து சொல்லுங்கள். ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், சொல்வேனா என்பதுதான் தெரியாது.