வெற்றுச் சீட்டில் வைத்த கையெழுத்து

சில ஆண்டுகளுக்கு முன், கிழக்கு லண்டனில் எங்கள் உள்ளூராட்சிக் கவுன்சில் தேர்தலின்போது நடந்தது இது. தபால் வாக்குச்சீட்டுகள் வந்த அன்றே என் கணவரின் நண்பர் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, கையெழுத்தை மட்டும் வையுங்கோ. மிச்சத்தை நான் நிரப்பி அனுப்புறன்.”

கணவரும் நானும் கையெழுத்து மட்டும் வைத்த சீட்டுகளை நிரப்பாமலே கொடுத்துவிட்டேன். அவர் ஆதரித்த வேட்பாளர் வென்றார். அடுத்த ஆண்டே சிறுபிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நர்சரிகளுக்கான உதவிப்பணத்தை கவுன்சில் நிறுத்தியது. மகளின் நர்சரிக் கட்டணத்தைக் கட்ட முடியாமல், அவளைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டேன்.

ஒரு கல்யாண வீட்டில் நண்பரைப் பிடித்தேன். “நர்சரி உதவியை நிறுத்த உங்கட ஆளும் கை தூக்கினவராமே?”

வடையை மென்றபடி சிரித்தார். “நீங்கள்தானே அக்கா கையெழுத்து வைச்சுத் தந்தனீங்கள்!”

எனக்கு அவரைவிட என்மீதுதான் அதிக அருவருப்பு.

இப்போது வேட்பாளர்களின் பிரசுரங்களை வாசித்து, என் சீட்டை நானே நிரப்பி, நானே தபாற்பெட்டியில் போடுகிறேன். சீட்டுக் கேட்டு வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பதேயில்லை.